வாசலுக்கு வெளியே ஓர் ஊதியப் பலகை: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆளெடுப்பும் சம்பள வெளிப்படையும்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து சிப்காட் பக்கம் போகிற வழியில் மின்கம்பம், டீக்கடைச் சுவர், பேருந்து நிழற்குடை என்று கை எட்டிய இடத்திலெல்லாம் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஐ.டி.ஐ., டிப்ளமா, பத்தாம் வகுப்பு பாஸ் அல்லது ஃபெயில், இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு, கேன்டீன், பஸ் வசதி உண்டு, கைபேசி எண் பெரிய எழுத்தில். சம்பளம் என்ற இடத்தில் 'தகுதிக்கேற்ப' என்றோ, 'நேரில் பேசிக்கொள்ளலாம்' என்றோ, '18,000 வரை' என்றோ எழுதியிருக்கும். எந்தக் கம்பெனி என்பது பல நோட்டீஸ்களில் இருக்காது. அந்த எண்ணை அழைத்தால் பேசுபவர் தொழிற்சாலைக்காரர் அல்லர். கன்சல்டன்சிக்காரர், அல்லது கான்ட்ராக்டரின் ஆள். அவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "இப்ப எவ்வளவு வாங்குறீங்க?" என்பது.

வேலை கொடுப்பவர் தாம் தரப்போவதைச் சொல்லாமல், வேலை கேட்பவர் இதுவரை வாங்கியதைத் தெரிந்துகொள்ளும் இந்த வழக்கத்தை ஒழுங்குபடுத்த உலகின் பல இடங்களில் இரண்டு வகைச் சட்டங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, விளம்பரத்திலேயே ஊதியத்தைச் சொல்லவேண்டும் என்பது. மற்றது, பழைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது என்பது. இரண்டில் எதைத் திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பேட்டைகளுக்கு முதலில் கொண்டுவர வேண்டும், எந்த வடிவில் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. கேட்பதைத் தடுக்கும் சட்டம் மட்டும் இங்கே பயன் தராது. ஊதிய விகிதத்தைத் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே, ஆளெடுப்பவரின் நோட்டீஸ் வரைக்கும் கொண்டுவருவதே முதல் வேலை. அதற்கு வேண்டிய சட்டப் பொருள் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது என்பது என் வாதம்.

வட்டாரத்தின் ஆளெடுப்பு முறை

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழில் அமைப்பு ஒரே மாதிரியானதல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றிலும் இரும்பு உருக்கு ஆலைகள், கம்பி உருட்டும் ரோலிங் மில்கள், ரசாயனம், வாகன உதிரிபாகம் எனப் பல வகை. சற்றுத் தள்ளித் தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷலின் டயர் ஆலை. திருவள்ளூர் நகரத்தை ஒட்டிக் காக்களூர் சிட்கோ, மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர். சென்னைப் பக்கம் திருமழிசை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திர எல்லை. தடாவும் ஸ்ரீசிட்டியும் கூப்பிடு தூரத்தில். ஆகவே இங்குள்ள தொழிலாளிக்கு இரண்டு மாநிலங்களின் வேலைச் சந்தை கண்ணெதிரே இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்ச ஊதியம் வேறு, அகவிலைப்படிக் கணக்கும் வேறு. இத்தனை அருகில் இத்தனை வேலைகள் இருந்தால் நல்ல சம்பளம் தருகிற இடத்துக்கு ஆள் போவார், குறைவாகத் தருகிறவர் உயர்த்துவார் என்றுதான் பாடநூல் சொல்லும். அது நடக்கவேண்டுமானால் எந்த வாசலுக்குள் என்ன சம்பளம் என்பது வாசலுக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியவேண்டும். தகவல் தேடுவதற்கே செலவு உண்டு, அந்தச் செலவே ஒரே வேலைக்குப் பல கூலிகள் நிலைத்திருக்கக் காரணம் என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1962இல் எழுதினார். இங்கே அந்தச் செலவு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, இன்டர்வியூவுக்குப் போய், பாதி நாள் காத்திருந்து, கடைசியில் தொகையைக் கேட்டுத் திரும்புவது.

வேலை கொடுப்பவர் பக்கம் இந்தத் தட்டுப்பாடு இல்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தம் நடந்தபோது, தன் நிரந்தரத் தொழிலாளரின் சராசரி ஊதியம் அந்த வட்டாரத்தில் அதேபோன்ற வேலை செய்வோரின் சராசரியைவிட 1.8 மடங்கு என்று நிறுவனம் பத்திரிகைகளுக்குச் சொன்னது. அந்தக் கணக்கு சரியா என்பது இங்கே பேச்சல்ல. வட்டாரத்தின் ஊதிய நிலவரம் நிறுவனங்களுக்குத் தெரியும், அதை ஒரு விகிதமாகச் சொல்லுமளவுக்குத் தெரியும் என்பதுதான் கவனிக்கவேண்டியது. அதே வட்டாரத்தில் வேலை தேடும் பெண்ணிடம் அப்படிப்பட்ட கணக்கு எதுவும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, ஹாஸ்டலில் கூட இருப்பவள் சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ்.

நோட்டீஸில் வரும் தொகையையே எடுத்துப் பார்க்கலாம். கீழ்வருவது உதாரணக் கணக்குதான். ஆனால் சட்டப்படியான பிடித்தங்களின் விகிதங்கள் உண்மையானவை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000. வருகை ஊக்கத்தொகை உள்ளிட்ட பிற படிகள் 3,000. ஆக மொத்தச் சம்பளம் 15,000. இதோடு முதலாளி கட்டவேண்டிய பி.எஃப். பங்கும் நிர்வாகச் செலவும் சேர்த்து 13 விழுக்காடு, 1,560. இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, 488. வருடக் கடைசியில் தரவேண்டிய 8.33 விழுக்காடு போனஸை மாதத்துக்குப் பங்கிட்டால் ஏறக்குறைய 1,000. எல்லாம் கூட்டினால் 18,048. நோட்டீஸ்காரர் '18,000' என்று போட்டது பொய்யில்லை என்று வாதாட இது போதும். தொழிலாளியின் பக்கம் வாருங்கள். பி.எஃப். பிடித்தம் 1,440, இ.எஸ்.ஐ. 113. கையில் வருவது 13,447. ஒரு நாள் லீவு போட்டு வருகை ஊக்கத்தொகை போய்விட்டால் அதற்கும் கீழே. கேன்டீனுக்கும் ஹாஸ்டலுக்கும் பிடித்தால் இன்னும் கீழே. முதல் சம்பளம் கைக்கு வரும்வரை இந்த 4,500 ரூபாய் இடைவெளி அவருக்குத் தெரிவதில்லை. தெரியும்போது பழைய வேலையை விட்டாகிவிட்டது.

ஆகவே ஊதிய வெளிப்படை என்று பேசும்போது ஒரு தொகையை அச்சிடச் சொல்வதோடு நிறுத்தினால் போதாது. எந்தத் தொகை என்பதையும் சட்டமே சொல்லவேண்டும்: அடிப்படையும் அகவிலைப்படியும் எவ்வளவு, படிகள் எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, ஓ.டி. மணிக்கு எவ்வளவு, சம்பளப் பட்டியலில் யார் பெயர் இருக்கும் என்பன. கடைசியாகச் சொன்னது இந்த வட்டாரத்தில் மிக முக்கியம். ஒரே லைனில், ஒரே இயந்திரத்தில், ஒரே ஷிஃப்டில் நிற்கும் இருவரில் ஒருவர் கம்பெனி ரோலில் இருப்பார், மற்றவர் கான்ட்ராக்டர் ரோலில். முன்னவருக்குத் தொழிற்சங்கத்தோடு போட்ட ஊதிய ஒப்பந்தம் (பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3)ஆம் பிரிவின்படியானது) உண்டு. அதில் எந்த கிரேடுக்கு என்ன சம்பளம் என்பது எழுத்தில் இருக்கும், வாசிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். பின்னவருக்கு அது கிடையாது. நிரந்தரத் தொழிலாளருக்கு ஊதிய வெளிப்படை தமிழ்நாட்டில் புதிதல்ல. தொழிற்சங்கம் அதை எப்போதோ வாங்கிக் கொடுத்துவிட்டது. வெளிப்படை இல்லாதது சங்கத்தின் கை எட்டாத டிரெய்னி, அப்ரன்டிஸ், கான்ட்ராக்ட் தொழிலாளி ஆகியோருக்கு. புதிதாக ஆளெடுப்பதில் பெரும்பகுதி இவர்களைத்தான்.

கேட்காமலே தெரிந்துவிடும் பழைய சம்பளம்

பழைய சம்பளத்தைக் கேட்பதில் என்ன கெடுதல்? அமெரிக்காவில் ஃபிரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கணிதப் பயிற்றுநராக 2009இல் சேர்ந்த ஐலீன் ரிசோ என்பவரின் வழக்கு இதற்கு நல்ல விளக்கம். புதிதாகச் சேர்பவருக்கு முந்தைய சம்பளத்தோடு 5 விழுக்காடு கூட்டித் தருவது அந்த அலுவலகத்தின் விதி. பிறகு சேர்ந்த ஆண் ஒருவர் தம்மைவிட அதிகம் வாங்குகிறார் என்பது ரிசோவுக்குத் தெரியவந்தது. பழைய சம்பளத்தைக் காரணம் காட்டிப் பெண்ணுக்குக் குறைத்துத் தருவதை நியாயப்படுத்த முடியாது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அதற்குள், பழைய சம்பளத்தைக் கேட்பதற்கு எதிராக மாசசூசெட்ஸ் 2016இல் இயற்றிய சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்திருந்தது. கலிஃபோர்னியாவும் நியூயார்க் நகரமும் அதே காலத்தில் பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடைசெய்திருந்தன.

ஃபிரெஸ்னோவின் '5 விழுக்காடு கூட்டு' நமக்குப் பழக்கமான கணக்கு. இங்கே அது பத்து, பதினைந்து, இருபது. ஒரே ஆண்டில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் 12,000க்குத் தொடங்குகிறார், மற்றவர் 14,000க்கு. இருவரும் மூன்று முறை கம்பெனி மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் 20 விழுக்காடு கூடுகிறது. முன்னவர் 20,736இல் நிற்பார், பின்னவர் 24,192இல். தொடக்கத்தில் 2,000 ஆக இருந்த வித்தியாசம் 3,456 ஆகிவிட்டது. இருவரின் கைத்திறனில் எந்த வித்தியாசமும் தேவைப்படவில்லை. இரண்டாயிரம் குறைந்தது எதனால் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் திறமை சார்ந்ததாக இருக்காது. அவர் அப்ரன்டிஸாகத் தொடங்கியிருக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அப்ரன்டிஸ் உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவு படிப்புக்கேற்ப 5,000 முதல் 9,000 வரைதான். அல்லது அவர் ஒரு பெண்ணாக இருக்கலாம். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று மூன்று ஆண்டு வீட்டிலிருந்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு முந்தைய பே ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு வருபவராக இருக்கலாம். அல்லது கூலி குறைந்த மாவட்டத்திலிருந்து ரயிலேறி வந்தவராக இருக்கலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ரோலிங் மில்லுக்கு வருபவரிடம் 'ஊரில் எவ்வளவு' என்று கேட்பது, அந்த ஊரின் வறுமையை இந்த ஊரின் கூலிக்கு அளவுகோலாக்குவது. உலைக்கு முன்னால் நிற்கும் சூடு எல்லோருக்கும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சுழற்சியும் இதில் சேர்கிறது. 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழிலாளர் நிரந்தரத் தகுதியளிப்புச் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. தொழிலாளருக்கு நன்மை செய்ய வந்த சட்டம். அந்த 480 நாள் நிறைவதற்குள் ஆளை அனுப்பிவிடுவது எத்தனை காலமாகப் பேசப்படும் குறை என்பது தொழிற்சங்கத்தாரைக் கேட்டால் தெரியும். அப்படி வெளியேறுபவர் அடுத்த வாசலில் நிற்கும்போது அவருடைய அனுபவம் கணக்கில் வராது; மீண்டும் டிரெய்னிதான். பழைய சம்பளம் மட்டும் கணக்கில் வரும். உழைத்த காலத்தை மறந்து வாங்கிய கூலியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஆளெடுப்பு முறை இது. இதை அநியாயம் என்றே சொல்லவேண்டும்.

சரி, கேட்பதைத் தடைசெய்துவிட்டால் தீர்ந்துவிடுமா? இங்கேதான் அமெரிக்கச் சட்டத்தை அப்படியே எடுத்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்மிடம் பழைய சம்பளம் வாய்ச்சொல்லில் இல்லை, ஆவணத்தில் இருக்கிறது. 2014இல் வந்த யு.ஏ.என். எண் ஒரு தொழிலாளியின் எல்லா பி.எஃப். கணக்குகளையும் ஒரே நூலில் கோத்துவிட்டது. கம்பெனி மாறும்போது பழைய பணம் தொலையாமல் இருக்க அது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த பாஸ்புக்கைத் திறந்தால் மாதாமாதம் கட்டிய பங்கு தெரியும். 12 விழுக்காடு எனும்போது சம்பளத்தைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். 'மூணு மாச பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக் ஸ்கிரீன்ஷாட்' என்று வாட்ஸ்அப்பில் கேட்பது வழக்கமாகிவிட்ட இடத்தில், இன்டர்வியூவில் அந்தக் கேள்வியை மட்டும் தடுத்து என்ன பயன்?

ஒன்றைச் செய்யலாம். புதிய முதலாளி பி.எஃப். சேர்க்கைக்குக் கேட்கவேண்டியது யு.ஏ.என். எண்ணும் முந்தைய உறுப்பினர் விவரமும் விலகிய தேதியும். படிவம் 11 கேட்பது இவற்றைத்தான். பழைய சம்பளத்தைக் கேட்பதில்லை. பாஸ்புக் உறுப்பினரின் கடவுச்சொல்லுக்குள் இருப்பது. ஆகவே வேலை ஆணை கொடுப்பதற்கு முன் பாஸ்புக்கையோ பே ஸ்லிப்பையோ கேட்பது எந்தச் சட்டக் கடமைக்கும் தேவையற்றது. தடை வருமானால் கேள்வியின் மேல் அல்ல, இந்த ஆவணங்களின் மேல் வரவேண்டும். அதையும் வேலை ஆணையில் தொகை எழுதி முடிப்பதற்கு முந்திய கட்டத்துக்கு என்று வரையறுக்கவேண்டும்.

தாமாக முன்வந்து சொல்பவரைத் தடுக்கவேண்டியதில்லை என்று பல நாட்டுச் சட்டங்கள் விட்டிருக்கின்றன. நல்ல சம்பளம் வாங்கியவர் சொல்வார், குறைவாக வாங்கியவர் பேசாதிருப்பார், பேசாதிருப்பதையே ஆளெடுப்பவர் பதிலாக எடுத்துக்கொள்வார் என்பது இதற்கு எதிரான வாதம், வலுவான வாதமும்கூட. இதை வெல்ல ஒரே வழி, வேலைக்கு இன்ன தொகை என்பது முன்கூட்டியே வெளியே இருப்பது. தொகை வெளியே இருந்தால் பழைய சம்பளத்துக்கு வேலை குறைந்துவிடும். அதனால்தான் வரிசையில் ஊதிய அறிவிப்பை முதலில் வைக்கிறேன்.

சட்டப் புத்தகத்தில் கிடக்கும் பலகை

ஊதிய வெளிப்படை என்பது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகும் புதுச்சரக்கு என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு உத்தரவு (எண் 970), விண்ணப்பிப்பவருக்குத் தொடக்க ஊதியத்தையோ அதன் எல்லைகளையோ சொல்லவேண்டும், பழைய ஊதியத்தைக் கேட்கக்கூடாது என்கிறது. உறுப்பு நாடுகள் சட்டமியற்ற 2026 ஜூன் 7 வரை காலம் கொடுத்தது. அது நல்ல உத்தரவு. ஆனால் நம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் இதன் பாதிக்குமேல் ஏற்கெனவே எழுதியிருக்கிறது.

தொழிலாளர் நிலையை ஆராய்ந்த, விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் 1931இல் அறிக்கை தந்தது. ஆளெடுப்பதை மேஸ்திரிகளின் கையில் விட்டதன் கேடுகளை அது விரிவாகப் பேசியது; கூலியில் கை வைப்பதைத் தடுக்க 1936இல் ஊதிய வழங்கல் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் அட்டவணையில், ஊதிய விகிதங்களைத் தொழிலாளருக்குத் தெரிவிக்கும் முறை என்பது நிலையாணை பேசவேண்டிய பொருள்களில் ஒன்றாக இருந்தது. அந்த நிலையாணையை எங்கே வைக்கவேண்டும்? பெரும்பாலான தொழிலாளர் நுழையும் வாசலில் அல்லது அதன் அருகில், அவர்களுக்குப் புரியும் மொழியில், தனிப் பலகையில் என்றது அதன் 9ஆம் பிரிவு. குறைந்தபட்ச ஊதிய மத்திய விதிகள் 1950, அறிவிப்புகளை முதன்மை வாசலில் வைக்கச் சொன்னன. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழான மத்திய விதிகள், கான்ட்ராக்டரின் ஊதிய விகிதத்தை ஆங்கிலத்திலும் இந்தியிலும் தொழிலாளருக்குப் புரியும் வட்டார மொழியிலும் எழுதிவைக்கச் சொன்னதோடு, நிறுவனத்தின் நேரடித் தொழிலாளர் செய்யும் அதே வேலையைச் செய்பவருக்கு அதே ஊதிய விகிதம் என்றும் கூறின.

1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் இவற்றையெல்லாம் தாண்டியது. ஒவ்வொரு புலம்பெயர் தொழிலாளியின் கையிலும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் ஒன்றை கான்ட்ராக்டர் கொடுக்கவேண்டும். அதில் வேலை இடம், காலம், தரவிருக்கும் ஊதிய விகிதம், பிடித்தம் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும், அவருடைய தாய்மொழி வேறென்றால் அந்த மொழியிலும் இருக்கவேண்டும். கும்மிடிப்பூண்டி உருக்காலைக்கு வரும் ஒடியாத் தொழிலாளிக்கு ஒடியாவில் எழுதிய சம்பளச் சீட்டு என்பது நாற்பதாண்டுக்கு மேலாக அவருக்குச் சட்டம் தந்திருந்த உரிமை. இன்றைக்கும் இதைவிடத் தெளிவான ஊதிய வெளிப்படைச் சட்டத்தை நான் வாசித்ததில்லை. அதை நடைமுறைப்படுத்தாமல் விட்டது நம் தொழிலாளர் நிர்வாகத்தின் பெரிய தவறு.

இன்னொன்று அநேகமாக மறந்தே போனது. 1959ஆம் ஆண்டு வேலைவாய்ப்பகங்கள் (காலியிடங்களைக் கட்டாயமாக அறிவித்தல்) சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. 1960ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த அறிவிப்பில் ஊதியமும் படிகளும் இடம்பெறவேண்டும். மாதம் 60 ரூபாய்க்குக் குறைந்த வேலைகளுக்கு விலக்கு அளித்திருந்தார்கள். அந்த 60 கடைசிவரை அப்படியே இருந்தது, ஆகவே சொல்லப்போனால் எல்லா ஆலை வேலையும் சட்டத்துக்குள் வந்தாகிவிட்டது. அரசு வேலையில் இந்தப் பழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எந்த அறிவிக்கையை எடுத்தாலும் பதவியின் பெயருக்கு எதிரே ஊதிய நிலை அச்சாகியிருக்கும். இளநிலை உதவியாளர் தேர்வு எழுதும் பிள்ளைக்குத் தான் சேரப்போகும் சம்பளம் விண்ணப்பிக்கும் அன்றே தெரியும். அதே பிள்ளை தேர்வில் வராமல் போய் சிப்காட் வாசலில் நிற்கும்போது தெரியாது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. மேலே சொன்ன பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கின. புலம்பெயர் தொழிலாளருக்கு இருந்த இடப்பெயர்வுப் படி போய்விட்டது, அது இழப்பு. ஆனால் ஊதியத் தொகுப்புச் சட்டம் 2019இன் 50ஆம் பிரிவு, வகைவாரியான ஊதிய விகிதத்தையும் சம்பள நாளையும் ஆய்வாளரின் பெயர் முகவரியையும் நிறுவனத்தின் முக்கியமான இடத்தில் அறிவிப்புப் பலகையில் வைக்கச் சொல்கிறது. சம்பளச் சீட்டும் கட்டாயம். பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. ஊதியத் தொகுப்பின் 3ஆம் பிரிவு ஆளெடுப்பில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது.

குறை எங்கே என்றால், இவை எல்லாம் உள்ளே வந்துவிட்டவருக்கு. பலகை உள்ளே இருக்கிறது. சீட்டு மாத முடிவில் வருகிறது. கடிதம் சேர்ந்தபின் வருகிறது. பேரம் நடப்பது அதற்கு முன்னால். 'முக்கியமான இடம்' என்பது கேன்டீன் சுவர்தானா, வாசல் இல்லையா? 1946ஆம் ஆண்டுச் சட்டம் வாசல் என்றே சொல்லியிருக்கும்போது, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லை அதே பொருளில் விளக்க மாநில அரசின் விதி ஒன்றே போதும். சட்டத் திருத்தம் தேவையில்லை.

நீதிமன்றத் தீர்ப்புகளும் இதே பக்கம் சாய்கின்றன. மெக்கினான் மெக்கன்ஸி நிறுவனத்துக்கு எதிராக ஆட்ரி டி'கோஸ்டா தொடுத்த வழக்கில், பெண் சுருக்கெழுத்தருக்கு ஆண் சுருக்கெழுத்தரைவிடக் குறைத்துத் தந்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் சொன்னது. அந்த வழக்கு நின்றதற்குக் காரணம் இரு தரப்பு ஊதிய விகிதங்களும் எழுத்தில் இருந்து ஒப்பிட முடிந்தது. பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கிலும் (2016) அப்படியே; தற்காலிக ஊழியர் தம் வேலையை நிரந்தர ஊழியரின் ஊதிய நிலையோடு ஒப்பிட முடிந்தது. ஊதியத் தகராறுகளில் தீர்ப்பாயங்கள் கையாளும் 'தொழிலும் வட்டாரமும்' என்ற கோட்பாடு, அதே வட்டாரத்தில் அதே தொழிலில் பிறர் என்ன தருகிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறது. ஆக, ஒப்பிடுவது தொழிற்சங்கத்துக்கு உரிமை, தீர்ப்பாயத்துக்குக் கடமை, முதலாளிக்கு அன்றாட வேலை. வாசலில் நிற்பவருக்கு மட்டும் அது கிடையாது.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு பொருளியலாளருடையது. விலையைப் பகிரங்கப்படுத்தினால் விற்பவர்கள் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். டென்மார்க்கில் 1993இல் போட்டி ஆணையம் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டின் உண்மை விற்பனை விலைகளை வெளியிடத் தொடங்கியது. விலை குறையும் என்று எதிர்பார்த்தார்கள், ஓராண்டுக்குள் 15 முதல் 20 விழுக்காடு ஏறிவிட்டது. ஊதியத்திலும் இதுபோல் நடக்கலாம். ஊதியத்தைச் சக ஊழியரிடம் பேசும் உரிமையைத் தந்த அமெரிக்க மாநிலச் சட்டங்களால் ஊதியம் சராசரியாக 2 விழுக்காடு குறைந்ததாக கல்லென், பக்சாத்-ஹர்ஸன் ஆகியோர் 2023இல் எழுதினர்: ஒருவருக்குக் கூட்டினால் எல்லோரும் கேட்பார்கள் என்று முதலாளி இறுக்கிப் பிடிக்கிறார். டென்மார்க்கின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஆண், பெண் ஊதிய இடைவெளியைக் குறைத்தது, ஆனால் பெரும்பாலும் ஆண்களின் ஊதிய உயர்வு மட்டுப்பட்டதால்.

இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஆய்வுகளின் களம் தனித்தனியாகப் பேரம் பேசிச் சம்பளம் வாங்குவோரின் களம். ரோலிங் மில்லிலும் அசெம்பிளி லைனிலும் தனிப்பேரம் ஏது? குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய ஒரு தொகையை கான்ட்ராக்டர் சொல்கிறார், ஏற்றால் வேலை, இல்லையென்றால் அடுத்தவர். இழப்பதற்குப் பேர வலிமை இல்லாத இடத்தில் தகவல் கிடைப்பதால் கூலி கீழே போக இடமில்லை. முதலாளிகள் ஒன்றுசேர்வார்கள் என்ற பயத்துக்கோ, 1.8 மடங்கு என்று கணக்குச் சொல்லும் அளவுக்கு அவர்களிடம் தகவல் ஏற்கெனவே இருக்கிறது என்பதே பதில். பழைய சம்பளம் கேட்கத் தடை வந்த அமெரிக்க மாநிலங்களில் விளம்பரங்களில் ஊதியம் அச்சிடுவது கூடியதாகவும், வேலை மாறியவர்களின் ஊதியம் சுமார் 5 விழுக்காடு உயர்ந்ததாகவும் பெஸ்ஸன் குழுவினர் 2020இல் கண்டனர். இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதற்கு அது சான்று.

இரண்டாவது மறுப்பு இந்த ஊர்க்காரருடையது, எனக்கு இதுதான் கனமாகப் படுகிறது. நோட்டீஸ் ஒட்டுபவர் முதலாளியே இல்லை. பலகை வைக்கச் சொன்னால் கம்பெனி வைக்கும், கன்சல்டன்சிக்காரர் கைபேசியில் வேறு தொகை சொல்வார். 2024 ஜூனில் ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் திருமணமான பெண்களை ஆளெடுப்பில் ஒதுக்குவதாக ராய்ட்டர்ஸ் எழுதியபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த விவகாரத்திலும் விளம்பரங்கள் ஆளெடுப்பு முகவர்களுடையவை. முகவரைத் தொடாத எந்த விதியும் இந்தத் தொழிற்பேட்டைகளில் நிற்காது.

ஆகவே பொறுப்பை முதன்மை முதலாளியின், அதாவது வேலை நடக்கும் ஆலையை நடத்துபவரின், மேல் வைக்கவேண்டும். கான்ட்ராக்டருக்கு உரிமம் வழங்கும்போது, வேலை இடத்தின் பெயரும் சம்பளப் பட்டியலில் வரப்போகும் பெயரும் கையில் வரும் தொகையும் இல்லாமல் ஆளெடுப்பு அறிவிப்பு வெளியிடக்கூடாது என்பதை உரிம நிபந்தனையாக்கலாம். வாட்ஸ்அப் நோட்டீஸும் அறிவிப்புதான் என்று வரையறுக்கலாம். அறிவித்த தொகைக்கும் முதல் சம்பளச் சீட்டுக்கும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசத்தைக் குறைவூதியமாகக் கருதி முதன்மை முதலாளியிடம் வசூலிக்கலாம். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாகத் தந்தால் ஈடுகேட்கும் வழி சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது; அதே வழியில் இதுவும் போகலாம். தொழிலாளர் விவகாரம் பொதுப்பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடம் வந்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் தனிச் சட்டம் இயற்றலாம். கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் இது. தொழிலாளருக்காகத் தனித் திருத்தம் கொண்டுவருவது அதற்குப் புதிதல்ல.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களிலிருந்து இதைத் தொடங்கலாம். முகாமுக்கு வரும் நிறுவனமும் அதன் கான்ட்ராக்டரும், மேலே சொன்ன ஐந்து விவரங்களையும் மேசைக்கு முன்னால் எழுதி வைத்தால்தான் மேசை என்று மாவட்ட நிர்வாகம் சொல்வதற்கு எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் அந்தப் பலகை தமிழில் மட்டும் இருந்தால் போதாது. தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் இருக்கவேண்டும், 1979ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதைப்போல.